பொலிகுதிரை விளம்பரங்கள்: கேண்டர்பரிச் சமவெளி வேளாண்மைக்கு ஓர் எழுத்துச் சான்று

பழைய நாளிதழ்களை ஆய்வு மூலமாகக் கொள்வோர் பெரும்பாலும் தலையங்கங்களையும் செய்திகளையும் வாசகர் கடிதங்களையுமே நாடுகின்றனர். விளம்பரப் பத்திகள் புரட்டப்படுகின்றன, படிக்கப்படுவதில்லை. 1887இல் சிங்கப்பூரில் வெளிவரத் தொடங்கிய 'சிங்கை நேசன்' போன்ற இதழ்களை அணுகும்போதும் நம்மிடையே இப்பழக்கமே மேலோங்கி நிற்கிறது. விளம்பரம் எத்தகைய சான்றாக அமையக்கூடும் என்பதைத் தமிழ்ச் சூழலுக்கு வெளியேயுள்ள ஓர் எடுத்துக்காட்டின்வழி இக்கட்டுரையில் காண்போம். நியூசிலாந்தின் தென்தீவில், கேண்டர்பரிச் சமவெளியைச் சேர்ந்த ஆஷ்பர்ட்டன் வட்டாரம் போன்ற வேளாண் பகுதிகளின் நாளிதழ்களில், 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் ஆண்டுதோறும் வசந்த காலத்தில் வெளிவந்த பொலிகுதிரை விளம்பரங்களே அவ்வெடுத்துக்காட்டு. பொலிகாளை என்பது தமிழ் உழவர் நன்கறிந்த சொல். பொலிகுதிரையும் அவ்வாறே இனப்பெருக்கத்திற்கென விதையடிக்காமல் வளர்க்கப்படும் ஆண் குதிரையைக் குறிக்கும்.

நியூசிலாந்துக்குக் குதிரை அயலிலிருந்து வந்த விலங்கு. 1814 டிசம்பரில் சாமுவேல் மார்ஸ்டன் என்னும் சமயப் பரப்பாளர் சிட்னியிலிருந்து கொண்டுவந்து இறக்கிய ஓர் ஆண் குதிரையும் இரு பெட்டைக் குதிரைகளுமே அம்மண்ணை மிதித்த முதற் குதிரைகள். 1850 டிசம்பரில் கேண்டர்பரிக் குடியேற்றத்தின் முதற் கப்பல்கள் வந்து சேர்ந்தன. முதலில் ஆட்டு மந்தைகளுக்கான புல்வெளியாக இருந்த சமவெளி, பின்னர் கோதுமை வயலாக மாறியது. ரக்காயா, ரங்கிடாட்டா ஆகிய ஆறுகளுக்கு இடைப்பட்ட ஆஷ்பர்ட்டன் வட்டாரம் இம்மாற்றத்தின் நடுவில் இருந்தது. ஜான் கிரிக் என்பவர் லாங்பீச் என்னுமிடத்தில் முப்பதாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட பண்ணையைச் சதுப்பு நிலத்தை வடித்து உருவாக்கியதும் இங்கேதான். கொத்துப்புல் மண்டிய நிலத்தைப் புரட்டும் பல கொழுக் கலப்பைக்கும், கதிரறுத்துக் கட்டும் பொறிக்கும், மூட்டை ஏற்றிய வண்டிக்கும் இழுவிசை தந்தது குதிரையே. எருது தொடக்கத்தில் பயன்பட்டாலும் அதன் மெதுவான நடை புதிய பொறிகளுக்குப் போதவில்லை. ஆகவே, கனத்த இழுவைக் குதிரை இல்லாத உழவருக்கு அங்கே பண்ணை இல்லை.

பெரும்பண்ணையாருக்குச் சொந்தமாகவே பொலிகுதிரை இருக்கும். நூறு, இருநூறு ஏக்கர் வைத்திருந்த சிற்றுழவருக்கோ சில பெட்டைகள் மட்டுமே. அவற்றை ஏரிலிருந்து அவிழ்த்து, இருபது மைல் நடத்திச் சென்று, பொலியவிட்டுத் திரும்புவதென்றால் உழவு நின்றுவிடும். எனவே பொலிகுதிரையே பெட்டையைத் தேடி வந்தது. விளம்பரத்தின் பெரும்பகுதியை அடைத்துக்கொள்ளும் ஊர்ப்பட்டியல் இதனால் எழுந்ததே. குதிரைக்காரர் ஒருவர் சிறுவண்டியிலோ மட்டக்குதிரையிலோ முன்செல்ல, பொலிகுதிரை உடன் நடக்கும். திங்களன்று இந்த ஊர் விடுதி, செவ்வாயன்று அடுத்த சந்திப்பு என வாரம் முழுவதும் சுற்றி, மறுவாரம் அதே நாளில் அதே ஊருக்கு வந்து சேரும்.

இவ்வார முறைமை தற்செயலானதன்று. பெட்டைக் குதிரையின் சினைப்பருவச் சுழற்சி ஏறத்தாழ இருபத்தொரு நாள். அதில் பொலிகுதிரையை ஏற்கும் பருவம் ஐந்தாறு நாள் நீடிக்கும். ஒவ்வொரு வாரமும் தவறாது வரும் குதிரை அப்பருவத்தைப் பெரும்பாலும் தவறவிடாது. பொலிந்தபின் மூன்றாம் வாரம் வரும்போது பெட்டை மீண்டும் இணங்கினால் சினை பிடிக்கவில்லை என்பது தெரியும். உதைத்து விலக்கினால் நம்பிக்கை உண்டு. ஈன்ற பெட்டையோ ஒன்பது நாள் அளவில் மறுபடியும் பருவத்திற்கு வந்துவிடும். சினைக்காலம் பதினொரு மாதம் என்பதால், செப்டம்பர் முதல் புத்தாண்டு வரையிலான தென்கோள வசந்தத்தில் பொலிந்த பெட்டை, அடுத்த ஆண்டு புல் செழிக்கும் வேளையில் குட்டி ஈனும். ஒரு பருவத்தில் ஒரு பொலிகுதிரை நூறளவு பெட்டைகளைச் சந்திப்பது இயல்பு. கால்நடை மருத்துவ நூல் எதையும் காணாத உழவரும் இக்கணக்கை அறிந்திருந்தனர்; விளம்பரத்தின் நாள்வரிசை அவ்வறிவின் பதிவாகும்.

விளம்பரம் ஏன் இத்தனை விரிவாக எழுதப்பட்டது? இங்கு விற்கப்படும் பொருளின் தரம் உடனே புலப்படுவதில்லை. கோதுமை விதை ஓராண்டில் தன்னைக் காட்டிவிடும். குதிரைக்குட்டியோ பதினொரு மாதம் கருவிலிருந்து, பின் மூன்று, நான்கு ஆண்டுகள் வளர்ந்து, கழுத்தில் இழுவைப் பட்டை ஏறிய பிறகுதான் அதன் குளம்பும் மூச்சும் எத்தகையவை என்பது தெரியவரும். குளம்பை ஒட்டிய குருத்தெலும்பு இறுகி நொண்டச் செய்யும் குறை கனத்த குதிரைகளிடையே பரவலாகக் காணப்பட்டது. அத்தகைய குறையைக் கடத்தும் குதிரை ஒரு வட்டாரத்தைச் சுற்றிவந்தால், நூறு பண்ணைகளின் உழைப்பு ஒருசேரக் கெடும்; அது தெரியவரும்போது அக்குதிரை வேறு வட்டாரத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். பிரிட்டனிலேயே பொலிகுதிரைக்கு உரிமம் வேண்டும் என்னும் சட்டம் 1918இல்தான் நிறைவேறியது என்பதை எண்ணிப் பார்க்கையில், 1880களின் சிற்றுழவருக்குக் கிடைத்த பாதுகாப்பு அச்சிட்ட சொல்லும் அண்டை வீட்டார் கருத்தும் மட்டுமே எனலாம்.

இந்த ஐயத்திற்கு விடை கூறவே விளம்பரத்தின் ஒவ்வோர் உறுப்பும் அமைந்தது. நிறம், வயது, கையளவில் உயரம் (ஒரு கையளவு நான்கு அங்குலம், பதினாறு கையளவு என்றால் அறுபத்து நான்கு அங்குலம்), காலெலும்பின் பருமன், கண்காட்சியில் பெற்ற பரிசு ஆகியன முதலில் வரும். கட்டணம் பவுனிலோ, இருபத்தொரு ஷில்லிங் பெறும் கினியிலோ குறிக்கப்படும். குதிரைக்காரருக்கெனச் சிறுதொகை தனியே உண்டு. ஒரே உழவர் பல பெட்டைகளைக் கொண்டுவந்தால் சலுகை. சினைக்கு உறுதி கூறும் திட்டமாயின் கட்டணம் கூடும். பணத்தைப் பருவ முடிவில் செலுத்தலாம் என்னும் தவணை, அறுவடைக்கு முன் கையில் காசில்லாத உழவரின் நிலையை அறிந்தே வகுக்கப்பட்டது. கவனம் முழுமையாக உண்டு, ஆயினும் விபத்துக்குப் பொறுப்பில்லை என்னும் இறுதி வரி பெரும்பாலும் இடம்பெறும். நயமும் எச்சரிக்கையும் அருகருகே நிற்கும் இவ்வரி வணிக உரைநடையின் சுவையான கூறு என்று நாம் கருதுகிறோம்.

எல்லாவற்றிலும் நீண்டது கொடிவழி. ஸ்காட்லாந்தின் லானார்க்ஷயர் பகுதியில் கிளைடு ஆற்றுப் பள்ளத்தாக்கில் உருவான கிளைஸ்டேல் இனமே தென்தீவின் விருப்பமாயிற்று. அங்குக் குடியேறியோரில் ஸ்காட்லாந்தியர் பலர். கடல் கடந்து கொண்டுவந்த குதிரையாயின் அதுவே முதற்பெருமை. 1866இல் பிறந்த பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், 1872இல் பிறந்த டார்ன்லி ஆகிய இரு ஸ்காட்லாந்துக் குதிரைகளின் வழியில் வந்ததாகக் கூறிக்கொள்வது, ஓர் அரசமரபின் மெய்க்கீர்த்திக்கு ஒப்பான மதிப்பைப் பெற்றது. தந்தை, தந்தையின் தந்தை எனப் பெயர்கள் அடுக்கப்படுகையில், தாய் பல வேளைகளில் இன்ன குதிரையின் மகள் என்று மட்டுமே குறிக்கப்படுவாள். உழவரின் நிலத்தை உழுததும், குட்டியைச் சுமந்ததும், பாலூட்டியதும் பெட்டையே. ஆனால் அச்சில் பெயர் பெற்றது ஆண். டார்ன்லியின் தாய் கீர் பெக்கி தன் பெயராலேயே நினைக்கப்படுவது அரிய விதிவிலக்கு.

இழுவைக் குதிரையோடு மெல்லிய கால்களையுடைய சவாரிக் குதிரைகளும் விளம்பரம் பெற்றன. அவற்றின் பின்னே இந்தியச் சந்தை இருந்தது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலிருந்து மதராசுக்கும் கல்கத்தாவுக்கும் படைக்குதிரைகள் கப்பலேறின. அந்நாட்டுப் பெயரின் கடைசிச் சொல்லிலிருந்தே 'வேலர்' என்னும் பெயர் அவற்றுக்கு வந்தது. ஆண்டுதோறும் கடல்வழிக் குதிரைகளை வாங்கிக்கொண்டிருந்த பாண்டிநாட்டின் பழங்கதை ஆங்கிலேயர் காலத்திலும் வேறு திசையிலிருந்து தொடர்ந்தது எனலாம்.

விளம்பரங்கள் கூறாமல் விடுவதும் ஒன்றுண்டு. இக்குதிரைகள் நடந்த சாலைகளும் உழுத வயல்களும் ஙாய் தாஹு என்னும் மாவோரி மக்களின் நிலத்தில் அமைந்தவை. 1848ஆம் ஆண்டின் கெம்ப் ஒப்பந்தத்தில் தென்தீவின் மிகப் பெரும் பகுதி 2,000 பவுனுக்கு வாங்கப்பட்டது. அவர்களுக்கென ஒதுக்குவதாகக் கூறிய நிலமும் போதிய அளவில் ஒதுக்கப்படவில்லை. அம்முறையீடு ஒன்றரை நூற்றாண்டு நீடித்து, 1998இல் சட்டமாக வந்த தீர்வில் 170 மில்லியன் நியூசிலாந்து டாலர் இழப்பீட்டுடன் முடிவுற்றது. ஊர்ப்பெயர் சிலவற்றில் மட்டும் மாவோரி மொழி அவ்விளம்பரங்களில் எஞ்சி நிற்கிறது. ரக்காயா சந்திப்பில் வியாழனன்று பொலிகுதிரை வரும் என்று படிக்கும் ஆய்வாளர், அச்சொல்லின் உரிமையாளர் யார் என்றும் கேட்கவேண்டும்.

நியூசிலாந்தின் குதிரைத் தொகை 1911இல் நான்கு லட்சத்தைத் தாண்டி உச்சத்தை எட்டியது. நாட்டின் மக்கள்தொகையோ பத்து லட்சத்தைச் சிறிதளவே கடந்திருந்தது. கிளைஸ்டேல் குதிரைகளுக்கான நியூசிலாந்துச் சங்கம் தோன்றியதும் அதே ஆண்டில்தான். முதல் உலகப் போருக்குப் பத்தாயிரம் குதிரைகள் அனுப்பப்பட்டன. நான்கு மட்டுமே நாடு திரும்பின. அதன்பின் இழுவை இயந்திரம் வந்தது. பொலிகுதிரைகள் நின்ற பத்தியில் டிராக்டர் முகவர்கள் இடம்பிடித்தனர்.