உட்கார ஒரு பெஞ்சு, படிக்க ஒரு புத்தகம்



‘வெளிநாடு போனால் எதைப் பார்ப்பீர்கள்?’ என்று நம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். ஈபிள் கோபுரம், லண்டன் பாலம், ஜப்பான் புல்லட் ரயில் என்று பட்டியல் நீளும். எனக்கு வேறு ஆசை. அந்த ஊர்ப் புத்தகக் கடைகளைப் பார்க்க வேண்டும். புத்தகமும் காப்பியும் ஒரே இடத்தில் கிடைக்கும் ‘புக் கஃபே’ என்கிறார்களே, அதில் ஓர் ஓரமாக உட்கார்ந்து படிக்க வேண்டும்.

ஊத்துக்குளி ஸ்டேஷனில் ரயிலேறினால் ஒரு பக்கம் ஈரோடு, மறு பக்கம் திருப்பூர், கோவை. நான் பார்த்த உலகம் இவ்வளவுதான். ஆகவே இது பயணக் கட்டுரை இல்லை. நூலகத்தில் தேடித் தேடிப் படித்ததைச் சொல்கிறேன். ‘வெண்ணெய்க்குப் பேர் போன ஊர்ல இருந்துட்டு பாரீஸ் கதை எதுக்கு புள்ள?’ என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள்!

பாரீஸில் படுக்க இடம்

பாரீஸ் நகரில், செய்ன் நதிக்கரையில், நோட்டர்டாம் தேவாலயத்துக்கு எதிர்ப்புறம் ‘ஷேக்ஸ்பியர் அண்ட் கம்பெனி’ என்றொரு புத்தகக் கடை இருக்கிறது. இந்தப் பெயரில் முதல் கடையை 1919ல் தொடங்கியவர் சில்வியா பீச் என்ற அமெரிக்கப் பெண்மணி. விற்பது மட்டுமின்றி, சந்தா வாங்கிக்கொண்டு புத்தகங்களை இரவலும் கொடுத்தார். ஜேம்ஸ் ஜாய்ஸ் எழுதிய ‘யுலிசிஸ்’ நாவலை வெளியிட மற்றவர்கள் தயங்கியபோது, 1922ல் துணிந்து பதிப்பித்தவரும் இவரே. ஜெர்மன் ராணுவம் பாரீஸைப் பிடித்திருந்த 1941ல் அந்தக் கடை மூடப்பட்டது.

இன்றுள்ள கடையை 1951ல் வேறொரு பெயரில் திறந்தவர் ஜார்ஜ் விட்மன். 1964ல் அதற்குப் பழைய கடையின் பெயரையே வைத்தார். காசில்லாமல் ஊர் சுற்றும் இளைஞர்கள் அலமாரிகளுக்கு நடுவே இரவில் படுத்துக்கொள்ளலாம். வாடகை கிடையாது. கடையில் கொஞ்ச நேரம் வேலை செய்ய வேண்டும், தினம் ஒரு புத்தகம் படிக்க வேண்டும், தன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். நம் ஹாஸ்டல் பீஸை நினைத்துப் பெருமூச்சு விடாதீர்கள்! 2015ல் பக்கத்திலேயே ஒரு கஃபேயும் திறந்தார்கள்.

பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் ‘ஹே ஆன் வை’ என்று ஒரு சின்ன ஊர். இரண்டாயிரம் பேர்கூட இல்லை. அங்கே ரிச்சர்ட் பூத் என்பவர் 1962ல் பழைய புத்தகக் கடை தொடங்கினார். அமெரிக்காவில் மூடப்பட்ட நூலகங்களின் புத்தகங்களைக் கன்டெய்னர் கன்டெய்னராக வாங்கி இறக்கினார். மற்றவர்களும் கடை போட, ஊரே ‘புத்தக ஊர்’ ஆகிவிட்டது. அங்குள்ள கோட்டை வாசலில் திறந்த வெளியில் அலமாரிகள் நிற்கும். கடைக்காரர் யாரும் இருக்க மாட்டார். பிடித்ததை எடுத்துக்கொண்டு பெட்டியில் காசைப் போட வேண்டியதுதான்.

ஜப்பானின் டோக்கியோ நகரில் ஜிம்போச்சோ என்ற வட்டாரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட புத்தகக் கடைகள். அவை அங்கே வந்த காரணம்தான் நமக்கு முக்கியம். 1880களில் அந்தப் பக்கம் சட்டக் கல்லூரிகள் வந்தன. மாணவர்கள் படித்து முடித்த பாடப் புத்தகங்களை விற்றார்கள், அடுத்த வருடத்து மாணவர்கள் வாங்கினார்கள். அப்படியே கடைகள் பெருகின. பெரும்பாலான கடைகள் வடக்குப் பார்த்தே இருக்கின்றன. நேர் வெயில் பட்டால் தாள் பழுத்து அட்டை வெளுத்துவிடும் அல்லவா? சாயம் போன பனியன் துணியைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. நடுநடுவே காப்பிக் கடைகளும் கறிச்சோற்றுக் கடைகளும். ஒரு கையில் கரண்டி, மறு கையில் புத்தகம் என்று சாப்பிட வசதியாம்!

காப்பி எதற்கு? ஒரு கணக்கு

‘ஓசியில படிச்சுட்டுப் போயிட்டா கடைக்காரர் கதி என்ன?’ என்பது நியாயமான கேள்வி. நூறு ரூபாய்ப் புத்தகம் விற்றால் கடைக்காரருக்குக் கழிவாக முப்பது, நாற்பது ரூபாய் நிற்கலாம். அதில்தான் வாடகை, கரண்டு பில், சம்பளம், வாடிக்கையாளருக்குத் தரும் தள்ளுபடி எல்லாம். அந்தப் புத்தகமும் அலமாரியில் ஆறு மாதமோ ஒரு வருடமோ தூங்கும். போட்ட முதல் முடங்கிக் கிடக்கும். காப்பியோ காலையில் வாங்கிய பால் மாலைக்குள் காசாகிவிடும். மெதுவாக ஓடும் சரக்கை வேகமாக ஓடும் சரக்கு தாங்கிப் பிடிக்கிறது. அதோடு உட்கார்ந்து பத்துப் பக்கம் படித்தவருக்குக் கீழே வைக்க மனசு வராது.

பழைய புத்தகக் கடையின் சூட்சுமம் வேறு. திருப்பூர் காதர்பேட்டையில் ஏற்றுமதியில் மிஞ்சிய பனியன்களைக் குறைந்த விலைக்கு விற்பார்கள் அல்லவா? அதே போலத்தான். அடக்க விலை குறைவு, ஆகவே வாங்குகிறவருக்கும் பயமில்லை.

நம் நாட்டுப் பெஞ்சுகள்

நம்மிடமும் இதெல்லாம் இருந்தது, இருக்கிறது. சென்னை மவுண்ட் ரோட்டில் ஹிக்கின்பாதம்ஸ் 1844 முதல் நடக்கிறது. 1900ல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம் தேடாத சென்னை மாணவர் அந்தக் காலத்தில் இல்லை என்பார்கள். 1985ல் அது தீப்பிடித்து அழிந்தது. கொல்கத்தாவின் கல்லூரித் தெருவில் புத்தகக் கடைகளுக்கு நடுவே காப்பி வாரியம் 1942ல் ஒரு காபி ஹவுஸ் திறந்தது. 1950களின் கடைசியில் வாரியம் கைவிட்டபோது, தொழிலாளர்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்து நாட்டின் பல ஊர்களில் காபி ஹவுஸ்களை நடத்தினார்கள்.

1931ல் மன்னார்குடி அருகே மேலவாசலில் மாட்டு வண்டியில் நூலகமே கிளம்பியது. தூத்துக்குடியில் முடிதிருத்தும் கடைக்காரர் ஒருவர் தம் கடைக்குள் நூலகம் வைத்திருப்பதைப் பாராட்டி 2020ல் பிரதமர் அவருடன் வானொலியில் பேசினார். ஈரோட்டில் 2005 முதல் வருடந்தோறும் புத்தகத் திருவிழா நடக்கிறது. திருப்பூரிலும் நடக்கிறது.

எல்லாவற்றையும் விடப் பெரிய ‘புக் கஃபே’ நம் டீக்கடைதான்! 1942ல் தொடங்கிய ‘தினத்தந்தி’ எளிய நடையில் வந்தது. டீக்கடை பெஞ்சில் அதை எழுத்துக் கூட்டிப் படித்தே வாசிக்கப் பழகியவர்கள் ஆயிரக்கணக்கானோர். என் அப்பாவும் அதில் ஒருவர். மூன்றாம் வகுப்போடு நின்றவர், பனியன் கம்பெனியில் பவர் டேபிள் டெய்லர். இன்று எனக்கே செய்தி சொல்லுகிறார் என்றால் அந்தப் பெஞ்சு தந்த படிப்பு அது.

அம்மாவும் அதே கம்பெனியில்தான், செக்கிங் செக்‌ஷன். அவருக்கும் ஒன்றரை ஷிப்டு, அதே டீ. ஆனால் அந்தப் பெஞ்சில் அம்மா ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. டம்ளரை வாங்கி நின்றபடி குடித்துவிட்டு நடந்துவிடுவார். பேப்பரைக் கையில் எடுத்ததும் இல்லை. ‘பொம்பளைங்க அங்க உக்காந்தா நல்லாவா இருக்கும்?’ என்பார். இன்றும் அம்மாவுக்குப் பஸ் போர்டு படிக்க நான் வேண்டும்.

இங்கேதான் எனக்குப் பாரீஸும் டோக்கியோவும் ஞாபகம் வருகின்றன. புத்தகம் வாங்கக் காசு மட்டும் போதாது. எடுத்துப் புரட்ட உரிமை வேண்டும், உட்கார இடம் வேண்டும். வீட்டில் பாடப் புத்தகம் தவிர வேறு புத்தகமே பார்க்காத நம்மைப் போன்றவர்கள் கண்ணாடிக் கதவு போட்ட கடைக்குள் போனால், ‘என்ன வேணும்?’ என்று ஒரு குரல் வரும். என்ன வேணும் என்று தெரிந்துகொள்ளத்தானே உள்ளே போகிறோம்? நல்ல புத்தகக் கடை அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தாமதமாகக் கேட்கிறது. அவ்வளவுதான் அதன் ரகசியம்.

ஒரு வேண்டுகோள்

நம் மாணவர் மன்றத் தலைவர், செயலாளர் அண்ணன்களுக்கு ஒரு வேண்டுகோள். கேன்டீன் மூலையில் ஒரு இரும்பு ரேக், இரண்டு பெஞ்சு. இறுதியாண்டு முடித்துப் போகிறவர்கள் ஆளுக்கு இரண்டு புத்தகம் வைத்துவிட்டுப் போகட்டும். ஒன்று பாடப் புத்தகம், ஒன்று கதையோ கவிதையோ. வகுப்புக்கு இருபது பேர் வைத்தாலே நாற்பது சேர்ந்துவிடும். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு இங்கிலீஷ் புத்தகத்தோடு மல்லுக்கட்டும் முதலாண்டுத் தம்பி தங்கைகளுக்கு, சீனியர்கள் பென்சிலால் ஓரத்தில் எழுதிய தமிழ் அர்த்தம் ஒரு டியூஷனுக்குச் சமம்.

பெயர் எழுத ஒரு நோட்டுப் போதும். அபராதம் வேண்டாம். சில புத்தகங்கள் தொலையும், தொலையட்டும். கேன்டீன்காரர் முகம் சுளித்தால் மேலே சொன்ன காப்பிக் கணக்கைக் காட்டுங்கள். உட்கார்ந்து படிப்பவர் இரண்டாவது டீ கேட்பார்!

முக்கியமாக, இரண்டு பெஞ்சில் ஒன்றாவது பெண்கள் தயங்காமல் உட்காரும் இடத்தில் இருக்கட்டும். ஆண்டு விழா அன்று அம்மாவைக் கூட்டி வருவேன். முதலில் அந்தப் பெஞ்சில்தான் உட்கார வைப்பேன். ‘அ’னாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், நேரம் ஆகும். பரவாயில்லை, டீ சொல்லிக்கொள்ளலாம்.