காரின் எடையும் கேரவனின் எடையும்

ஈ.சி.ஐ.எல். ஊழியர்களின் குடியிருப்பாகத் தொடங்கி, அந்நிறுவனத்தைத் தோற்றுவித்த டாக்டர் ஏ.எஸ்.ராவின் பெயரைத் தாங்கி நிற்பது ஐதராபாத்தின் ஏ.எஸ்.ராவ் நகர். அங்கிருந்து நாகார்ஜுனசாகருக்குக் கேரவனுடன் செல்ல ஒரு குடும்பம் எண்ணுவதாகக் கொள்வோம். கேரவன் என்றதும் நம் நினைவில் படப்பிடிப்புத் தளமே தோன்றும். இங்கு நாம் குறிப்பது காரின் பின்னால் கொக்கியிட்டு இழுக்கும் சக்கர வீட்டை. கடனுக்கு விண்ணப்பிக்கும் முன், விலையோடு எடையையும் பார்த்தல் வேண்டும்.

காரின் கையேட்டில் இழுவை வரம்பு குறிக்கப்படவில்லையெனில் அக்காரை இதற்குப் பயன்படுத்தாதிருப்பதே முறை. குறித்திருந்தாலும், பொருள்கள் ஏற்றிய கேரவனின் எடை காரின் வெற்றெடையில் 85 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்பது பிரிட்டனில் புதியவர்களுக்குக் கூறப்படும் நெறி. 1,200 கிலோ காருக்கு 1,020 கிலோ. வெறும் கேரவனே 900 கிலோ எனில் மீதி 120. நான்கு 20 லிட்டர் தண்ணீர்க் கேன்களே 80 கிலோவை விழுங்கிவிடும். மெத்தை, அரிசி, பாத்திரம் அனைத்துக்கும் எஞ்சுவது 40! கண்மதிப்பை நம்பாமல், லாரிகளை நிறுக்கும் எடைமேடையில் ஒருமுறை நிறுத்துப் பார்ப்பது நன்று.

கனமானவற்றைச் சக்கர அச்சின் மேல், தரையோடு வைக்க வேண்டும். பின்புறம் கனத்தால் கேரவன் பாம்பெனப் பக்கவாட்டில் நெளியும், காரையும் கவிழ்த்துவிடக்கூடும். கேரவன் எடையில் 5 முதல் 7 விழுக்காடு கொக்கியின் மேல் அழுந்துவது பொருத்தம். நெளியத் தொடங்கினால் பிரேக்கை அழுத்தாமல், ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரை மெல்லத் தளர்த்துக.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி இழுவை வண்டியும் ஒரு மோட்டார் வாகனமே. அதற்கும் பதிவு வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் புறப்படுமுன் எழுத்தில் தெரிவித்துவிடுக.