வீட்டில் ஒரு தச்சுப் பட்டறை

மேஜையின் கால் ஒன்று ஆடத் தொடங்கினால் படித்த குடும்பங்களில் என்ன நடக்கிறது? ஒரு காகிதத்தை நாலாக மடித்துக் காலுக்கு அடியில் கொடுக்கிறார்கள். அடுத்த வாரம் காகிதம் எட்டாக மடிக்கப்படுகிறது. பிறகு, "தச்சர் அகப்படவில்லை" என்ற சமாதானத்துடன் மேஜை கொல்லைப்புறம் போகிறது. மரத்தூளை அழுத்திச் செய்த புதிய மேஜை கடையிலிருந்து வந்து சேருகிறது. வீட்டில் பட்டதாரிகள் மூவர் இருக்கலாம். தளர்ந்த கழுந்தைத் துளையில் மீண்டும் பொருத்தத் தெரிந்த கை ஒன்றுகூட இல்லை.

கைத்தொழில் படிக்காதவர்களுக்கே உரியது என்னும் எண்ணமே இதற்குக் காரணம். 1937 அக்டோபரில் வார்தாவில் காந்தியடிகள் தலைமையில் கூடிய கல்வி மகாநாடு இந்த எண்ணத்தின் வேரையே தாக்கிற்று. அதன் பின் டாக்டர் ஜாகீர் ஹுசேன் கமிட்டி வகுத்த ஆதாரக் கல்வித் திட்டத்தில் நூற்பு, நெசவு, விவசாயம் ஆகியவற்றோடு தச்சு வேலையும் இடம் பெற்றது. அதற்கும் முன்னதாக, 1910-ல் தென்னாப்பிரிக்காவில் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில் காந்தியடிகளின் நண்பர் காலன்பாக் பிள்ளைகளுக்குத் தச்சு வேலை கற்பித்தார். அப்பண்ணையில் வளர்ந்த குழந்தைகளில் தமிழ்க் குழந்தைகளும் இருந்தார்கள்.

பள்ளிக்கூடங்கள் கைவிட்ட இக்காரியத்தை வீடுகள் மேற்கொள்ளலாம் என்பது நமது கருத்து. இதற்குப் பெரிய இடமோ, பெரும் பணமோ வேண்டுவதில்லை. பின்தாழ்வாரத்தில் எட்டடிக்கு ஆறடி இடம் போதும். அடுக்கு வீட்டில் வசிப்பவர்களுக்கு மழைச்சாரல் படாத பால்கனியின் ஒரு மூலை போதும். வெளிச்சம் மட்டும் தாராளமாக இருக்கவேண்டும். வலக்கைக்காரருக்கு அது இடப்புறத்திலிருந்து வருவது நலம்.

முதலில் அமைக்கவேண்டியது வேலைமேஜை. நம் தச்சர்கள் தரையில் அமர்ந்து, பாதத்தாலேயே மரத்தைப் பிடித்துக்கொண்டு அற்புதமாக வேலை செய்வார்கள். அது வருஷக்கணக்கான பழக்கத்தின் பலன். புதியவர் அதைப் பின்பற்றினால் உளி காலைப் பதம் பார்த்துவிடும். ஆகையால் நான்கைந்தடி நீளமும், இரண்டு அங்குலக் கனமும் உள்ள பலகையைத் தடித்த கால்களின்மேல் பொருத்துங்கள். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு எங்கே வருகிறதோ, அதுவே மேஜையின் உயரம். அது ஆடாமல் நிற்க வேண்டும். மேஜை ஆடினால் இழைப்புளி ஓடாது. மரத்தை இறுகப் பிடிக்க ஓரத்தில் ஒரு வைஸ் இருக்கட்டும்.

கருவிகளை ஒரே நாளில் வாங்கிக் குவிக்கவேண்டாம். அடிக்கோல், மூலைமட்டம், ரம்பம், இழைப்புளி, கால் அங்குலம், அரை அங்குலம், ஓர் அங்குலம் என மூன்று உளிகள், கொட்டாப்புளி, சுத்தியல், துளையிடும் கருவி, இரண்டு கிளாம்புகள், சாணைக்கல் ஆகியவை தொடக்கத்துக்குப் போதும். சுவரில் ஒரு பலகையை அடித்து, ஒவ்வொரு கருவியையும் மாட்டி, அதன் உருவத்தைச் சுற்றிக் கோடு வரைந்துவிடுங்கள். மாலையில் எந்த உருவம் வெறுமையாக இருக்கிறதோ, அந்தக் கருவி இன்னும் வீடு திரும்பவில்லை என்பதை ஐந்து வயதுக் குழந்தையும் சொல்லிவிடும்.

மழுங்கிய உளியே அபாயமான உளி. அதை அழுத்தித் தள்ளவேண்டியிருப்பதால் திடீரென்று வழுக்குகிறது. உளியின் சரிவை 25 டிகிரியில் தீட்டி, நுனியை மட்டும் 30 டிகிரியில் கூராக்குவது வழக்கம். மரம் வைஸில் இருக்க, இரு கைகளும் எப்போதும் கூர்முனைக்குப் பின்னாலேயே இருக்கவேண்டும். குழந்தைகளுக்கு முதற்பாடம் இதுதான். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று இரும்பை விரைவில் தின்றுவிடும். வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் துடைத்து வையுங்கள்.

மரத்துக்குப் பழைய வீடுகளை இடித்தெடுத்த தேக்குச் சட்டங்கள் மிகவும் உகந்தவை. பல்லாண்டுகள் உலர்ந்தவை ஆதலால் எளிதில் கோணுவதில்லை. ஆனால் உள்ளே மறைந்திருக்கும் ஆணிகளைப் பிடுங்கிய பிறகே ரம்பத்தை வைக்கவேண்டும். பச்சை மரம் உலரும்போது நீளத்தில் ஏறக்குறைய மாறாது; அகலத்தில் சுருங்கும். இதை அறியாமல் செய்த பெட்டிகள்தாம் கோடையில் பிளக்கின்றன.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. மரத்தூள் புற்றுநோய் விளைவிக்கக்கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995-ல் வகைப்படுத்தியிருக்கிறது. ஆகையால் உப்புத்தாள் தேய்க்கும்போது முகமூடி அவசியம். தூளை ஈரத்துணியால் எடுங்கள். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி எறிந்தால் அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்து நன்றாக உலர்த்திய பிறகே அப்புறப்படுத்தவேண்டும்.

இவ்வளவும் செய்தால் தச்சரின் பிழைப்பில் கை வைத்ததாகாதா என்று சிலர் கேட்கலாம். ஆகாது. உங்கள் ஊர்த் தச்சரை வாரம் ஒரு நாள் ஆசானாக வீட்டுக்கு அழையுங்கள். சங்கீத வாத்தியாருக்குத் தரும் சம்பளத்தையும் மரியாதையையும் அவருக்கும் தாருங்கள். அவர் கையில் இருக்கும் வித்தை புத்தகத்தில் முழுமையாக அகப்படாது. ஒரு கழுந்தைச் செதுக்கிப் பார்த்தவர், தச்சரிடம் கூலிக்குப் பேரம் பேசச் சற்றுத் தயங்குவார்.

தொடக்கத்தில் ஒரு சிறு முக்காலியோ, புத்தகப் பலகையோ செய்யட்டும். இதில் பையன்களுக்குள்ள உரிமை பெண்களுக்கும் உண்டு. ஜியாமிதியில் நூற்றுக்கு நூறு வாங்கும் மாணவர்களில் அநேகர் ஒரு செங்கோணத்தைக் கையால் தொட்டறியாதவர்கள் என்பதை ஆசிரியத் தொழிலில் நாம் தினமும் காண்கிறோம். சட்டத்தின் இரு மூலைவிட்டங்களையும் அளந்து, அவை சமமாக வரும்வரை தட்டிச் சரிசெய்யும் குழந்தைக்கு அந்தச் சூத்திரம் ஒருபோதும் மறக்காது. முதல் முக்காலி சற்றுக் கோணலாகத்தான் வரும். அதைக் கூடத்திலேயே போட்டு, வரும் விருந்தினரை அதில் உட்காரச் சொல்லுங்கள். அடுத்தது நேராக வரும்.