நுண்ணுணர்வுடைய திருப்பணியாளரும் பணியில் நேரும் தோல்வியும்

சேகர மன்றக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, ஆயரின் அருளுரைகள் மக்கள் மனத்தில் பதிவதில்லை என்று கூறி அமர்கிறார். கூட்டம் அடுத்த பொருளுக்குச் செல்கிறது. கூறியவர் வீடு சென்று உண்டு உறங்குகிறார். ஆயரோ விடியுமட்டும் உறங்குவதில்லை. கடந்த ஆறு மாத அருளுரைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துத் தம்மைத் தாமே விசாரிக்கிறார். பின்னர் மாற்றல் பட்டியலில் தம் பெயர் ஒரு சிறு சேகரத்திற்கு நேராக இருக்கக் கண்டால், தமக்குக் கிடைத்த அழைப்பே பொய்யோ என்று ஐயுறுகிறார். இத்தகையோரைத் தொட்டாற்சுருங்கி என்று நகைத்து ஒதுக்குவது நம்மிடையே வழக்கம். அவ்வழக்கம் முறையானதன்று என்று நாம் கருதுகிறோம்.

அமெரிக்க உளவியலாளரான எலேன் ஆரன் இவ்வியல்பை ஆராய்ந்து, 1996இல் பொதுமக்களுக்கான நூலொன்றையும், 1997இல் தம் கணவர் ஆர்தர் ஆரனுடன் இணைந்து ஆய்வுக் கட்டுரையொன்றையும் வெளியிட்டார். நூற்றில் 15 முதல் 20 பேர் பிறவியிலேயே நுண்ணுணர்வு மிக்கோர் என்பது அவரது கணிப்பு. இது நோயன்று, கூச்சமும் அன்று. இவர்களுள் பத்தில் மூவர் பலரோடும் கலந்து பழகுவோரே என்கிறார் அவர். எதையும் ஆழ்ந்து எண்ணுதல், பிறர் முகக்குறிப்பின் சிறு மாற்றத்தையும் கண்டுகொள்ளுதல், ஆரவாரம் மிகுமிடத்தில் விரைவில் களைத்தல் ஆகியன இவர்தம் இயல்புகள். துக்க வீட்டில் வாய் திறவாது அமர்ந்திருப்பவரின் வேதனையை முதலில் அறியும் ஆயர் பெரும்பாலும் இத்தகையவரே. அதே கூர்மைதான் பழிச்சொல்லையும் உள்ளே ஆழமாகக் கொண்டுசெல்கிறது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை அறுத்தெறிய இயலாது.

திருச்சபை வரலாற்றில் டேவிட் பிரெய்னர்டின் வாழ்க்கை இங்கு நமக்குப் பெரிதும் பயன்படும். பிற்காலத்துச் சொல்லொன்றை 18ஆம் நூற்றாண்டினர்மேல் ஒட்டுதல் முறையன்று; ஆயினும் அவரது நாட்குறிப்பைப் படிப்போர், மென்மையும் சோர்வும் மிக்க ஓர் உள்ளத்தை அங்குக் காணத் தவறார். 1742ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் யேல் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார். நண்பரோடு தனியே பேசுகையில், அருளைப் பொறுத்தவரை உதவி ஆசிரியர் ஒருவர் நாற்காலியினும் மேம்பட்டவரல்லர் என்று கூறியது வெளியாயிற்று. மண்டபத்தில் அனைவர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றனர். தனியே பேசியதற்கு அது தகாது என்று அவர் மறுத்தார். பட்டமில்லாதவர் கனெக்டிகட் சபைகளில் போதகராக நிலைபெறுவது அரிதாயிருந்த காலம் அது.

உடன் பயின்றோர் 1743 செப்டம்பரில் பட்டம் பெற்றபோது அவர் செய்தது கவனிக்கத் தக்கது. தாம் கூறியது தவறு என்பதை எழுத்துமூலம் ஒப்புக்கொண்டார். மீண்டும் ஓராண்டு கல்லூரியில் தங்கினாலன்றிப் பட்டமில்லை என்று நிர்வாகத்தார் கூறினர். அப்போது அவர் செவ்விந்தியரிடையே ஊழியம் ஏற்றிருந்தமையால் அதற்கு இசையவில்லை. பட்டமின்றியே பணிக்குத் திரும்பினார். 1744இல் நியூயார்க் பிரெஸ்பிட்டரி அவருக்கு அருட்பொழிவு அளித்தது. தம் குற்றத்தை அதன் அளவிலேயே அவர் ஏற்றார். அதற்குக் குறைவாகவும் கொள்ளவில்லை, கல்லூரியின் தீர்ப்பைத் தம் அழைப்பின்மீது வந்த தீர்ப்பாக விரித்துக்கொள்ளவும் இல்லை. நுண்ணுணர்வினருக்கு இவ்விரண்டாவது செயல் மிகக் கடினம். ஒரு செயலைக் குறித்த குறைகூறலை முழு ஆளுக்குமான தீர்ப்பாகக் கேட்பது அவர்தம் செவியின் பழக்கம்.

ஆயினும் அவரை எல்லாவற்றிலும் பின்பற்றுமாறு நாம் கூறோம். காடுமேடெல்லாம் நோயுடலோடு குதிரையேறி அலைந்து, 1747 அக்டோபர் 9 அன்று தமது 29ஆம் வயதில் காசநோயால் மாண்டார். அவரது வாழ்க்கையை 1749இல் பதிப்பித்த ஜோனத்தான் எட்வர்ட்ஸே, மனச்சோர்வுக்கு இடங்கொடுத்ததையும் அளவு மீறி உழைத்ததையும் அவரிடம் கண்ட குறைகளாக மறைக்காமல் எழுதினார். (அந்த எட்வர்ட்ஸையும் அடுத்த ஆண்டிலேயே அவரது சபை பணிநீக்கம் செய்தது.) அந்நூலால் தூண்டப்பெற்று 1806இல் நம் நாட்டுக்கு வந்த ஹென்றி மார்ட்டினும் 31ஆம் வயதில் மறைந்தார். மனக்காயத்தை மிகையுழைப்பால் மூடுவதை நாம் ஆர்வம் என்று பாராட்டிவிடுகிறோம். உண்மையில் பல வேளைகளில் அது தோல்வியின் வலியே வேறு வடிவில் தொடர்வதாகும்.

1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தில் காணும் வரிசை வேறு. சூரைச்செடியின் கீழ்ச் சாவை வேண்டிய எலியாவுக்கு முதலில் கிடைத்தவை உறக்கமும் அடையும் தண்ணீரும், அதுவும் இருமுறை. கேள்வி பின்னரே வந்தது. துணையாளாக எலிசா குறிக்கப்பட்டது அதற்கும் பின்னர். தோல்வியுற்ற நுண்ணுணர்வினரும் இவ்வரிசையைக் கைக்கொள்ளலாம். மாற்றல் ஆணை கையில் கிடைத்த இரவே பேராயருக்கு மறுமொழி எழுதலாகாது. எழுதினாலும் அஞ்சலில் சேர்க்காமல் இரண்டு மூன்று நாள் மேசையில் கிடக்கட்டும். பலரிடமும் முறையிடுவதை விடுத்து, நம்மைப் புகழாமலும் இகழாமலும் கேட்கவல்ல ஒருவரிடம் பேச வேண்டும். கூறப்பட்டதில் உண்மை எவ்வளவு என்று காகிதத்தில் எழுதிப் பார்ப்பது நலம். இரவு இரண்டு மணிக்கு மலைபோல் நின்ற குற்றச்சாட்டு, பகலில் எழுதும்போது பெரும்பாலும் இரண்டு வரிகளில் அடங்கிவிடும். உறக்கமின்மையும் நம்பிக்கையின்மையும் இரு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரை நாடத் தயங்கலாகாது. அதை விசுவாசக் குறைவு என்று சொல்வோர் எலியாவுக்கு அடை சுட்டு வைக்கப்பட்டதை மறந்தவர்கள்.

தீர்ப்புக் கூறும் இடத்திலிருப்போருக்கும் இங்குப் பங்குண்டு. அருளுரைப் பயிற்சி வகுப்பில் மாணவர் பேசி முடித்த மறுகணமே, உடன் பயில்வோர் நடுவில் குறைகளை அடுக்கும் முறை நம் கல்லூரிகளில் பழகிப்போன ஒன்று. தடித்த தோலுள்ளோர்க்கு அதனால் கேடில்லை. மற்றவரோ அவ்வேளையில் முதல் குறைக்கு மேல் எதையும் கேட்பதில்லை. குறைகளை எழுதி மறுநாள் தனியே அழைத்துக் கொடுக்கும் ஆசிரியருக்குக் கூடுதலாகச் செலவாவது கால் மணி நேரமே.