ஒரே நாள் மூன்று நாளாவது எப்படி?

ஒரு கடையின் மார்ச் மாத பில்கள் எக்செல் கோப்பில் இருக்கின்றன. எத்தனை நாள் விற்பனை நடந்தது என்று தெரிய வேண்டும். ஒரே தேதி நூறு முறை வந்தாலும் ஒருமுறைதான் எண்ண வேண்டும். அதற்கான ஃபார்முலாவைப் போட்டால், 31 நாளே உள்ள மாதத்துக்கு நானூற்றுச் சொச்சம் நாள் என்று விடை வரும். ஃபார்முலாவில் பிழை இருக்காது. நாம் பார்க்கும் தேதி வேறு, கணினி வைத்திருக்கும் தேதி வேறு.

எக்செலுக்குத் தேதி என்பது வெறும் எண். 1900 ஜனவரி 1-ஐ 1 என்று வைத்து, நாளுக்கு ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போகிறது. லோட்டஸ் 1-2-3 என்ற பழைய மென்பொருளோடு ஒத்துப்போவதற்காக, காலண்டரில் இல்லாத 1900 பிப்ரவரி 29-ஐயும் அது இன்றுவரை ஒரு நாளாகவே எண்ணுகிறது! இந்தக் கணக்கில் 2024 மார்ச் 15 என்பது 45366.

நேரம் அந்த எண்ணின் பின்னமாக ஒட்டிக்கொள்கிறது. காலை 6 மணி பில் 45366.25, நண்பகல் பில் 45366.5, மாலை 6 மணி பில் 45366.75. திரையில் மூன்றுமே '15-03-2024' என்று தெரியலாம். உள்ளே மூன்றும் வெவ்வேறு எண்கள். அதனால் மூன்று நாள். செல்லின் வடிவத்தை 'ஜெனரல்' என்று மாற்றினால் பின்னம் வெளியே தெரிந்துவிடும். 'இன்ட்' ஃபங்ஷனால் பின்னத்தை வெட்டிவிட்டு எண்ணினால் விடை சரியாகும்.

அடுத்த சிக்கல் நள்ளிரவு. பல சர்வர்கள் உலகப் பொது நேரத்தில் பதிவு செய்கின்றன; இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. மார்ச் 16 அதிகாலை 2 மணிக்கு இங்கே போட்ட பில், சர்வரில் மார்ச் 15 இரவு 8.30. ஐந்தரை மணியைக் கூட்டிய பிறகுதான் பின்னத்தை வெட்ட வேண்டும். வரிசை மாறினால் நாளும் மாறும்.

மூன்றாவது, கூட்டலிலேயே இருக்கிறது. டீ விற்றது திங்கள், செவ்வாய், புதன். காபி விற்றது செவ்வாய், புதன், வியாழன். தலா மூன்று நாள். ஆனால் கடை விற்பனை செய்தது ஆறு நாள் அல்ல, நான்கு நாள். செவ்வாயும் புதனும் இரண்டு பட்டியலிலும் இருக்கின்றன. பணத்தைப் பிரிவு பிரிவாகக் கூட்டலாம். தனித்த நாள்களை அப்படிக் கூட்டவே முடியாது. மொத்தத்துக்கு மூலப் பட்டியலிலிருந்து மறுபடி எண்ணுவதுதான் வழி.

ஆகவே, நாள் கணக்கு இடித்தால் ஃபார்முலாவைத் திருத்தப் போகாதீர்கள். ஒரே ஒரு தேதியின் வரிகளை மட்டும் வடிகட்டி எடுத்து எண்ணிப் பாருங்கள். விடை ஒன்று என்று வராவிட்டால், கோளாறு தேதியில்தான் இருக்கிறது.