மெதுவாக அவிக்கும் மின்சட்டி: யாருக்கு உதவும், யாருக்கு உதவாது?

விடிய ஐந்து மணிக்கு அடுப்பு மூட்டி, ஏழு மணிக்கு வேலைக்குப் புறப்பட்டு, பொழுதுபட வீடு திரும்பி மறுபடியும் அடுப்பு மூட்டும் பெண்கள் வடக்கு, கிழக்குக் கிராமங்களில் பெருந்தொகையாக இருக்கிறார்கள். ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறவர்கள், தோட்டங்களில் நாட்கூலி செய்கிறவர்கள், அலுவலகங்களில் துப்புரவு வேலை செய்கிறவர்கள் என்று இவர்கள் பலவகையினர். யுத்தத்தில் கணவனை இழந்தவர்களும், காணாமற்போனவரை இன்னமும் தேடிக்கொண்டிருப்பவர்களும் இவர்களுள் அடங்குவர். இவர்களுக்கு இரவுச் சமையல் என்பது இன்னொருவருடன் பங்குபோட்டுக்கொள்ளக்கூடிய வேலையல்ல. தான் வந்தால்தான் அடுப்பு எரியும்.

2021ஆம் ஆண்டின் இறுதியில் நாட்டின் பல இடங்களில் சமையல் எரிவாயு அடுப்புகளும் சிலிண்டர்களும் வெடித்தன. 2022இல் எரிவாயுவுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். அதன் பின்பு மின்சாரத்தில் சமைக்கும் பாத்திரங்களின் மேல் எமது பெண்களின் கவனம் திரும்பியிருக்கிறது. ரைஸ் குக்கர் பல வீடுகளில் உண்டு. இப்போது வெளிநாட்டு உறவினர் கொண்டுவந்து கொடுப்பதாலும், நகரக் கடைகளில் காணக் கிடைப்பதாலும் 'ஸ்லோ குக்கர்' பற்றியும் கேட்கிறார்கள். "காலமை போட்டுவிட்டுப் போனால் பின்னேரம் கறி ஆகியிருக்குமாமே, உண்மையோ?" என்பதுதான் கேள்வி.

உண்மைதான். ஆனால் எல்லாக் கறியும் ஆகாது, எல்லா வீட்டுக்கும் அது பொருந்தாது.

இதன் அமைப்பு மிக எளிமையானது. வெளியே ஓர் உலோகக் கூடு, அதன் பக்கச் சுவருக்குள் சூடேறும் கம்பி, உள்ளே தடித்த பீங்கான் சட்டி, மேலே கண்ணாடி மூடி. ரைஸ் குக்கர் 500 வாட்டுக்கும் 1000 வாட்டுக்கும் இடையில் மின்சாரத்தை இழுத்து அரை மணித்தியாலத்தில் வேலையை முடிக்கும். இது ஏறக்குறைய 150 முதல் 300 வாட் வரை இழுத்து, நான்கு மணித்தியாலம் முதல் எட்டு மணித்தியாலம் வரை ஆறுதலாக அவிக்கும். கடுமையாகக் கொதிக்காது, நீர் ஆவியாகிப் போகாது, அடிப்பிடிக்காது. ஆகவே கிண்டுவதற்கு ஆள் தேவையில்லை.

இதைக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவில் வாழ்ந்த இர்விங் நக்ஸன் என்ற யூதர். லித்துவேனியாவில் அவருடைய முன்னோர் ஓய்வுநாளில் அடுப்பு மூட்டுவதில்லை. அதனால் முதல்நாள் மாலையே இறைச்சியும் அவரையும் போட்ட சட்டியை ஊர் வெதுப்பகத்தின் ஆறும் சூளையில் வைத்து, மறுநாள் எடுத்து உண்பார்கள். தாயார் சொன்ன அந்தக் கதையிலிருந்தே தமக்கு எண்ணம் பிறந்ததாக அவர் கூறியிருக்கிறார். 1940இல் உரிமம் பெற்றார். 1970களின் தொடக்கத்தில், அமெரிக்கப் பெண்கள் பெருமளவில் வேலைக்குப் போகத் தொடங்கிய காலத்தில்தான் இது அங்கே வீடுவீடாகப் போய்ச் சேர்ந்தது. தணலில் சட்டியை விட்டுவைத்து வயலுக்குப் போன எமது பாட்டிமாருக்கு இது புதிதாக இருந்திராது.

மின்பட்டியலைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்

'குறைந்த வாட், ஆகவே மின்சாரம் மிச்சம்' என்று கடைக்காரர் சொல்வார். இது பாதி உண்மை. 200 வாட் பாத்திரம் ஐந்து மணித்தியாலம் எரிந்தால் ஒரு யுனிட். வாரத்தில் மூன்று நாள் சமைத்தால் மாதத்துக்கு 12 அல்லது 13 யுனிட் கூடும்.

அது பெரிய தொகையல்ல என்று தோன்றும். ஆனால் எமது நாட்டின் வீட்டுக் கட்டணம் படிப்படியானது. 2025ஆம் ஆண்டின் கட்டண முறையில் மாதம் 60 யுனிட்டுக்குள் நிற்கும் வீடுகளுக்கு ஒரு கணக்கு, 60ஐத் தாண்டும் வீடுகளுக்கு வேறு கணக்கு. தாண்டியவருக்கு மேலதிகமான ஏழெட்டு யுனிட்டுக்கு மாத்திரம் விலை கூடுவதில்லை. முதலாவது யுனிட்டிலிருந்தே கூடிய விலை போடப்படும், நிலையான கட்டணமும் உயரும். 55 யுனிட் பாவிக்கும் ஒரு வீடு இந்தச் சட்டியால் 67க்குப் போனால், பட்டியலைப் பார்த்துத் திடுக்கிட நேரும். 30 யுனிட் எல்லையிலும் விலை மாறும். ஆகவே கடைக்குப் போகுமுன் கடந்த மூன்று மாதப் பட்டியல்களை எடுத்து, எந்தப் படியில் நிற்கிறீர்கள், அடுத்த படிக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று பாருங்கள்.

எரிபொருட் செலவைக் குறைப்பதுதான் நோக்கமென்றால் சாதாரண பிரஷர் குக்கரே நல்லது என்பது என் அபிப்பிராயம். ஊறிய கடலையை அது அரை மணித்தியாலத்துக்குள் அவித்துவிடும். மெதுவாக அவிக்கும் சட்டி மிச்சம் பிடிப்பது உங்கள் நேரத்தை. அதையும் குறைவாக மதிப்பிட வேண்டாம். அடுப்படியில் குந்தியிருக்கும் இரண்டு மணித்தியாலத்துக்கு யாரும் கூலி தருவதில்லை என்பதால், அதற்குப் பெறுமதி இல்லை என்று வீட்டிலுள்ளவர்களே நினைத்துவிடுகிறார்கள். அந்த நேரத்தில் பிள்ளையின் கொப்பியைப் பார்க்கலாம், தையல் ஓடரை முடிக்கலாம், சும்மா சாய்ந்தும் இருக்கலாம்.

கனடாவிலிருந்து வந்தால்

ரொறன்ரோவிலிருந்து தமக்கை கொண்டுவந்து கொடுத்த சட்டியை ஒரு சகோதரி அன்றிரவே செருகினார். சிறிது நேரத்தில் கருகல் மணம் வந்தது, புகை கிளம்பியது, சட்டி போய்விட்டது. கனடாவிலும் அமெரிக்காவிலும் வீட்டு மின்சாரம் 120 வோல்ட். எமக்கு 230 வோல்ட். அங்கே 200 வாட் இழுக்கும் பொருள் இங்கே 700 வாட்டுக்கு மேல் இழுக்க முயலும். பிளக்கை மாத்திரம் மாற்றும் சிறு அடப்டர் இதற்கு உதவாது. வோல்ட்டைக் குறைக்கும் ட்ரான்ஸ்போமர் தேவை, அதற்கும் பணம் வேண்டும். பிரித்தானியா, பிரான்ஸ், ஜேர்மனி, சுவிஸ், நோர்வே, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளில் மின்சாரம் எமதைப் போன்றதே. பிரித்தானியப் பிளக் எமது சதுர முள் சொக்கற்றில் நேரே பொருந்தும், மற்றவற்றுக்குப் பிளக்கை மாற்ற வேண்டும். பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டில் '220-240' என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். '120' என்று மட்டும் இருந்தால், தந்தவர் மனம் நோகுமே என்று செருகிப் பார்க்க வேண்டாம்.

அளவைப் பொறுத்தவரை, இருவருக்கு ஒன்றரை லீற்றர், நான்கு பேருக்கு மூன்றரை லீற்றர் போதும். விருந்தினர் வருவார்கள் என்று ஆறு லீற்றர் வாங்குவது வீண். இந்தச் சட்டி அரைவாசிக்காவது நிரம்பியிருந்தால்தான் ஒழுங்காக அவிக்கும், முக்காலுக்கு மேல் நிரப்பவும் கூடாது. பீங்கான் சட்டி தனியே கழற்றக்கூடியதாக இருக்கட்டும், இல்லாவிடில் கழுவுவது பெரும்பாடு. பாவித்த சட்டி வாங்குவதென்றால் பீங்கானில் மயிரிழை வெடிப்பாவது இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சூடான சட்டியில் குளிர்ந்த நீரை ஊற்றினால் இப்படி வெடிக்கும்.

எண்கள் மின்னும் டிஜிட்டல் வகையைவிடத் திருகும் குமிழ் உள்ள வகையே எமக்கு வசதி. மின்சாரம் போய்த் திரும்பி வந்தால் குமிழ்ச் சட்டி தானாகவே மறுபடி எரியும். டிஜிட்டல் வகைகளில் பல அணைந்தபடியே கிடக்கும். ஆனால் இதில் இன்னொரு ஆபத்து மறைந்திருக்கிறது. நீங்கள் வேலையில் இருக்கும்போது மூன்று மணித்தியாலம் மின்சாரம் நின்று, பிறகு வந்து கறி சூடாகியிருந்தால், இடையில் அது வெதுவெதுப்பாகக் கிடந்து கெட்டது உங்களுக்குத் தெரியாது. சில கிருமிகள் விட்ட நஞ்சு திரும்பக் கொதிக்க வைத்தாலும் அழியாது. வீட்டில் முதியவர் இருந்தால் மின்சாரம் போன நேரத்தைக் கவனித்து வைக்கச் சொல்லுங்கள், அல்லது அயலவரைக் கேளுங்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நின்றிருந்தால், மனம் வராவிட்டாலும் கொட்டிவிடுவதே நல்லது. 2022இன் மார்ச் இறுதியில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தபோது இந்தச் சட்டியை வைத்து ஒன்றுமே செய்திருக்க முடியாது.

ஆளில்லாத வீட்டில் எரியவிடும் பொருள் என்பதால் வயரிங் மிக முக்கியம். வீட்டில் ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா, சொக்கற்றுக்கு ஏர்த் வயர் இருக்கிறதா என்று மின்வேலை தெரிந்தவரைக் கொண்டு பார்ப்பியுங்கள். வீடு பாதி கட்டியபடி, ஒரு சொக்கற்றிலிருந்து எல்லா அறைக்கும் வயர் இழுத்திருந்தால், அதைச் சரிப்படுத்தும்வரை சட்டி வாங்கும் எண்ணத்தைத் தள்ளிவையுங்கள். வாங்கியவர்களும் முதல் சில தடவை வீட்டில் நிற்கும் நாளிலேயே சமைத்துப் பாருங்கள். கூட்டின் வெளிப்புறம் கையைச் சுடும். வயர் தொங்கினால் தவழும் பிள்ளை இழுக்கும்.

கை, கால் இழந்த சகோதரிகளுக்கு

யுத்தத்தில் அவயவம் இழந்தவர்களும், உடம்பில் இன்னமும் செல் துண்டுகளோடு வாழ்கிறவர்களும் இந்தச் சட்டியைப் பற்றி மற்றவர்களைவிடக் கூடுதலாக யோசிக்கலாம். குந்தியிருந்து ஊதுகுழல் பிடிக்கத் தேவையில்லை, விறகு கொத்தத் தேவையில்லை, புகையும் இல்லை. செயற்கைக் கால் போட்டவர் நின்றபடியோ கதிரையில் இருந்தபடியோ மேசைமேல் சமைக்கலாம்.

ஆனால் கடையில் யாரும் சொல்லாத ஒன்று, பீங்கானின் பாரம். மூன்றரை லீற்றர்ச் சட்டி கறியோடு ஐந்து கிலோவுக்குக் குறையாது, வழுக்கும், சுடும். ஒரு கையால் தூக்கக்கூடிய பொருளல்ல. இப்படியானவர்கள் ஒன்றரை லீற்றர் வகையை எடுத்து, சட்டியைக் கூட்டிலிருந்து தூக்காமல், இருந்த இடத்திலேயே அகப்பையால் அள்ளுவது நல்லது. ஆறிய பின் கழுவலாம். குமிழை ஒற்றைக் கையால் திருப்பும்போது கூடு நகராமல் இருக்க அடியில் ஈரத் துவாய் ஒன்றை விரிக்கலாம். வாங்குமுன் கடையிலேயே மூடியைத் திறந்து மூடி, குமிழைத் திருப்பிப் பாருங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை.

எதைப் போடலாம்?

ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி, எலும்புச் சூப், ஊறிய கடலை, கௌப்பி, பருப்பு, பூசணிக்காய் எல்லாம் நன்றாக வரும். புட்டு, இடியப்பம், பொரியல், சோறு ஆகியவற்றுக்கு இது உதவாது. மீன் கரைந்துபோகும். வழக்கமாக விடும் நீரில் அரைவாசி போதும். வெங்காயம், தூள் எல்லாவற்றையும் வேறு சட்டியில் தாளித்துப் போட்டால்தான் எமது வாய்க்கு ருசிக்கும், பச்சையாய்ப் போட்டால் தூள் மணக்கும். தேங்காய்ப்பாலை முதலிலேயே விட்டால் திரைந்துவிடும், கடைசி அரை மணித்தியாலத்தில் விடுங்கள். இடையில் மூடியைத் திறந்து பார்க்கும் ஒவ்வொரு முறையும் வேகும் நேரம் இருபது, முப்பது நிமிடம் நீளும். பார்க்காமல் இருப்பது எமக்குப் பழக்கமில்லாத காரியம்தான்!

மூன்று பொருட்களில் மிகுந்த கவனம் வேண்டும். ராஜ்மா எனப்படும் பெரிய சிவப்பு அவரை விதையில் இயற்கையான நஞ்சு ஒன்று உண்டு. நன்கு கொதித்தால் அழியும், இந்தச் சட்டியின் குறைந்த சூட்டில் அழியாது, கூடவும் செய்யும். இரவு ஊறவைத்து, அந்நீரை ஊற்றிவிட்டு, அடுப்பில் பத்து நிமிடமாவது கொதிக்கவிட்டே சட்டியில் போட வேண்டும். மரவள்ளிக்கிழங்கை மூடி திறந்து நிறைய நீரில் அவித்து, நீரை வடிக்கும் எமது பழைய முறைக்குக் காரணம் இருக்கிறது. அதை மூடிய சட்டியில் போடவே வேண்டாம். உறைந்த இறைச்சியையும் நேரே போடக்கூடாது.

மின்சாரமே இல்லாதவர்களும், மின்பட்டியல் இடம் கொடுக்காதவர்களும் இதே வேலையைச் செலவில்லாமல் செய்யும் வழி ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் எரிபொருட் தட்டுப்பாட்டால் பிரித்தானியப் பெண்கள் பாவித்த வைக்கோற் பெட்டி அது. தென்னாபிரிக்காவில் 2008 முதல் இதையே துணிப்பையாகத் தைத்து விற்கிறார்கள். ஒரு பழைய றெஜிபோம் மீன்பெட்டி அல்லது தடித்த மட்டைப்பெட்டி எடுத்து, அடியிலும் சுற்றிலும் நான்கு அங்குலத் தடிப்புக்கு வைக்கோலை அடையுங்கள். வைக்கோல் இல்லாவிட்டால் பழைய சேலைகளும் போதும். நடுவில் சட்டி இறுக்கமாக இருக்கும் அளவுக்குக் குழி விடுங்கள். காலையில் ஊறிய கடலையை இறுக்கமான மூடியுள்ள அலுமினியச் சட்டியில் பதினைந்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, மூடியைத் திறக்காமல் அப்படியே இறக்கி, மேலே பழைய தலையணையை அமர்த்திப் பெட்டியை மூடிவிடுங்கள். நான்கைந்து மணித்தியாலத்தில் எடுத்து, மறுபடி கொதிக்க வைத்துத் தாளிக்கலாம். அதற்கு மேல் விட்டால் சூடு இறங்கிப் பழுதாகும், ஆகவே இது அரைநாள் வேலைக்குப் போகிறவர்களுக்கே பொருந்தும். சட்டி நிறைந்திருந்தால் சூடு நிற்கும், கால்வாசி இருந்தால் நிற்காது. இறைச்சியைப் பெட்டியில் வைக்க நான் சொல்லமாட்டேன். கடலை, பருப்பு, குத்தரிசிக் கஞ்சி இந்த மூன்றுக்கும் இது நம்பகமானது.