காவற்பரணுக்கு ஏற்ற சிறு பைனாகுலர்

மலையடிவாரத்துக் குடியானவர்கள் அந்தியில் பயிர்காக்கப் பரண் ஏறுவது வழக்கம். கொல்லையோரத்தில் தெரியும் கருநிழல் புதரா, யானையா என்பதை இறங்கி நடக்குமுன் அறிதல் உயிருக்குக் காப்பாகும். முன்னாளில் வேட்டைக்காரர் கைக்கொண்ட பைனாகுலர் இதற்கு உதவும். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அநுமதியின்றி வேட்டையாடுதல் குற்றம், பார்த்தறிவதற்குத் தடையில்லை.

கருவியின்மேல் 8×25 என்பதுபோல் இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதலெண், உருவம் எத்தனை மடங்கு பெரிதாகத் தோன்றும் என்பதைக் குறிக்கும். பின்னெண், முன்புறக் கண்ணாடியின் குறுக்களவை மில்லிமீட்டரில் குறிக்கும். பின்னதை முன்னதால் வகுத்தால், கண்ணை வந்தடையும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 8×25-க்கு இது சுமார் 3 மில்லிமீட்டர், 8×32-க்கு 4, 8×42-க்கு 5-க்குச் சற்று மேல். இருளில் வாலிபரின் கண்மணி சுமார் 7 மில்லிமீட்டர் விரியும், முதியோர்க்குக் குறையும். ஆகையால் பகலில் தெளிவாகக் காட்டும் சட்டைப்பைக் கருவி அந்தியில் மங்கிவிடும். 8×42 ஒளி மிக்கதேனும், கழுத்துக்குச் சுமை. இரண்டிற்கும் நடுவான 8×32 பரணுக்குப் பொருந்தும்.

10 மடங்குக் கருவி கைநடுக்கத்தையும் அதிகமாகக் காட்டும். எனவே 8 மடங்கே போதும். பனிக்காலத்தில் உள்ளே ஆவி படியாதபடி நைட்ரஜன் வாயு நிரப்பிய, நீர்புகாத கருவியாகத் தேர்ந்தெடுத்தல் நலம். மூக்குக்கண்ணாடி அணிவோர் அதனுடனேயே பார்த்துச் சோதிக்கவேண்டும். கடை விளக்கொளியில் அன்றி, பொழுது சாயும்போது வெளியே நின்று பார்த்தே வாங்குக. சூரியனை நோக்கி ஒருபோதும் பிடிக்கலாகாது. யானை தென்பட்டால் பரணைவிட்டு இறங்காது, வனக்காவலருக்குத் தெரிவிப்பதே தக்கது.